ஏ9 எப்போதும் ஒரே கோடாக இருந்ததில்லை: வீதி வரைபடங்களைத் திருத்தும் தன்னார்வலர்கள்

சில மாதங்களுக்கு முன்னர் பரந்தனில் இருந்து முல்லைத்தீவு நோக்கிப் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இருந்தார். நான் கைத்தொலைபேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, "பிள்ளை, எங்கட ஊரும் இதில இருக்கோ?" என்று கேட்டார். ஊரின் பெயரைத் தட்டித் தேடினேன். வரவில்லை. விரலால் நகர்த்தி நகர்த்தி இடத்தைக் கண்டுபிடித்தோம். குளம் இருந்தது. பள்ளிக்கூடம் பெயர் இல்லாத ஒரு சதுரமாக இருந்தது. "குளக்கட்டுக்குப் பின்னால ஒரு றோட்டு இருக்கு. நாங்கள் அதாலதான் போய் வாறனாங்கள். அது எங்க?" என்றார். அந்த இடத்தில் பச்சை நிறம் மட்டும்தான் இருந்தது.

"இதையெல்லாம் ஆர் கீறுறது?" என்ற அவருடைய அடுத்த கேள்விக்கு பஸ்ஸில் வைத்து என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். அவருக்கு மட்டுமல்ல, இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களுக்கும், திரும்பி வர முடியாமல் வெளியில் இருந்துகொண்டு தங்கள் ஊரை இணையத்தில் தேடிப் பார்ப்பவர்களுக்கும் இது தேவையான விடயம் என்று நினைக்கிறேன்.

யார் வரைகிறார்கள்?

இணையத்தில் நாங்கள் பார்க்கும் வரைபடங்கள் இரண்டு வகை. ஒன்று நிறுவனங்களுக்குச் சொந்தமானது. கூகிள் வரைபடம் அப்படிப்பட்டது. கூகிள் 2008 இல் 'மப் மேக்கர்' என்ற சேவையைத் தொடங்கி, பொதுமக்களே தங்கள் ஊர் வீதிகளை வரைய இடம் கொடுத்தது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் மணிக்கணக்காக இருந்து வரைந்தார்கள். 2017 இல் அந்தச் சேவை மூடப்பட்டது. மக்கள் வரைந்தவை நிறுவனத்திடமே இருக்கின்றன. வரைந்தவர்களால் அவற்றை எடுத்து வேறோர் இடத்தில் பயன்படுத்த முடியாது.

மற்றது பொதுவில் இருப்பது. 2004 இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய 'ஓப்பின்ஸ்ட்ரீட்மப்' இந்த வகையைச் சேர்ந்தது. விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம் என்பதுபோல இதில் யாரும் வரையலாம். வரைந்ததை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும், அதில் செய்த திருத்தங்களையும் பொதுவில் வைக்க வேண்டும் என்பவைதான் முக்கியமான நிபந்தனைகள்.

விக்கிப்பீடியா 2001 இல் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் வந்தது. அதன் தொடக்க காலத்தில் பெரும் உழைப்பைக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் என்பது எங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் உள்ள படங்கள், வரைபடங்களில் பெரும்பாலானவை 'விக்கிமீடியா பொதுவகம்' என்ற களஞ்சியத்தில் இருக்கின்றன. அதுவும் 2004 இல் தொடங்கப்பட்டதுதான். அங்கே ஒரு படத்தை ஏற்றினால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் அதே படத்தைப் பயன்படுத்தலாம்.

ஒரு வீதியின் படம் எப்படி உருவாகிறது?

விக்கிப்பீடியாவில் ஒரு நெடுஞ்சாலையைப் பற்றிய கட்டுரையைத் திறந்தால், வலப்பக்கப் பெட்டியில் பொதுவாக மூன்று படங்கள் இருக்கும். வீதி இலக்கத்தைக் காட்டும் சின்னம், வீதி போகும் பாதையைக் காட்டும் வரைபடம், வீதியின் ஒளிப்படம். இந்த மூன்றையும் பெரும்பாலும் தன்னார்வலர்களே தயாரிக்கிறார்கள்.

வரைபடத்தை இரண்டு வழியில் செய்வார்கள். முதலாவது, ஓப்பின்ஸ்ட்ரீட்மப்பில் இருந்து வீதியின் தரவை இறக்கி, 'கியூஜிஐஎஸ்' போன்ற இலவச மென்பொருளில் விரித்து, தேவையான வீதியை மட்டும் தடித்த சிவப்புக் கோடாக்கி, ஊர்ப் பெயர்களை இட்டு, 'எஸ்விஜி' என்ற கோப்பு வடிவில் சேமிப்பது. எஸ்விஜி கோப்பை எவ்வளவு பெருப்பித்தாலும் மங்காது. அதைவிட முக்கியமானது, அதில் உள்ள எழுத்துகளை மொழிபெயர்க்க முடியும். ஆங்கிலத்தில் உள்ள ஒரு வரைபடத்தைத் தமிழாக்க முழுப் படத்தையும் திரும்ப வரையத் தேவையில்லை. பெயர்களை மட்டும் தமிழில் சேர்த்தால் போதும். அதற்கென்றே விக்கிமீடியாவில் ஒரு கருவி இருக்கிறது.

இரண்டாவது வழி புதியது. ஓப்பின்ஸ்ட்ரீட்மப்பில் உள்ள வீதியையும் விக்கித்தரவில் அந்த வீதிக்குரிய பதிவையும் ஓர் எண்ணால் இணைத்து விடுவார்கள். பிறகு விக்கிப்பீடியாக் கட்டுரையில் அந்தக் கோடு தானாகவே வரும். அடியில் உள்ள தரவில் ஒருவர் கோட்டைத் திருத்தினால், சிறிது காலத்தில் அதை இந்த முறையில் காட்டும் எல்லா மொழிக் கட்டுரைகளிலும் திருத்தம் தெரியும். பிழை விட்டால் பிழையும் அதேபோல எல்லா இடத்துக்கும் போகும்.

இதனால்தான் இந்த வேலை சிறு பொழுதுபோக்காகத் தெரிந்தாலும் அதன் விளைவு பெரிது. ஓப்பின்ஸ்ட்ரீட்மப் தரவைப் பல கைத்தொலைபேசிச் செயலிகளும் பெரிய சமூக ஊடக நிறுவனங்களும் எடுத்துப் பயன்படுத்துகின்றன. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகருக்கு ஒழுங்கான இலவச வரைபடம் இருக்கவில்லை. உலகின் பல இடங்களில் இருந்த தன்னார்வலர்கள் செய்மதிப் படங்களைப் பார்த்து வீதிகளை வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அவற்றைப் பயன்படுத்தினார்கள். எங்கள் நாட்டிலும் இடர் முகாமைத்துவ நிலையம் உலக வங்கியின் உதவியோடு மட்டக்களப்பில் கட்டடங்களையும் வீதிகளையும் இதே தளத்தில் பதிவு செய்தது. வெள்ளம் வந்தால் எந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அமெரிக்க வீதி ஆர்வலர்கள் ஏன் பிரிந்து போனார்கள்?

வீதிப் படங்கள் விடயத்தில் மிக அதிகம் உழைத்தவர்கள் அமெரிக்க விக்கிப்பீடியர்கள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வீதி இலக்கச் சின்னம் வேறுபடும். வீதி அடையாளங்களின் அளவு, நிறம், எழுத்து வடிவம் எல்லாவற்றையும் விவரிக்கும் அரசாங்கக் கையேடு பொதுச் சொத்து. அதைப் பார்த்து ஆயிரக்கணக்கான சின்னங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக வரைந்தார்கள். வீதிப் பலகைகளில் உள்ள எழுத்து வடிவத்தைப்போல ஓர் இலவச எழுத்துருவையே உருவாக்கினார்கள்.

அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. அமெரிக்க மத்திய அரசின் ஊழியர்கள் தயாரிக்கும் ஆவணங்களுக்கு அந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாது. குடிசன மதிப்பீட்டுப் பணியகத்தின் வீதித் தரவு முழுவதையும் 2007, 2008 காலத்தில் ஓப்பின்ஸ்ட்ரீட்மப்பில் அப்படியே ஏற்றினார்கள். ஒரேயடியாக நாடு நிரம்பியது. ஆனால் அதில் பிழைகளும் நிரம்பியிருந்தன. இல்லாத வீதிகள், இடம் மாறிய வீதிகள் என்று அவற்றை இன்றைக்கும் ஆட்கள் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அரசாங்கத் தரவு என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

எங்கள் நாட்டில் நிலைமை நேரெதிர். 1800 இல் தொடங்கப்பட்ட நில அளவைத் திணைக்களத்திடம் நல்ல வரைபடங்கள் இருக்கின்றன. ஆனால் அவை விலைக்கு விற்கப்படுபவை, உரிமை காக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்து அப்படியே வரைய முடியாது. கூகிள் வரைபடத்தைப் பார்த்து வரைவதற்கும் அனுமதி இல்லை. பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட செய்மதிப் படம், சொந்தக் கைத்தொலைபேசி பதிவு செய்த பாதை, நேரில் பார்த்தது ஆகியவற்றை வைத்துத்தான் வரையலாம்.

அமெரிக்க ஆர்வலர்களிடையே வேறொரு பிரச்சினை வெடித்தது. ஒரு நெடுஞ்சாலைக் கட்டுரைக்கு வரைபடத்தையே ஆதாரமாகக் காட்டலாமா? சிறிய மாநில வீதிகளுக்கெல்லாம் தனிக் கட்டுரை தேவையா? வரைபடத்தைப் பார்த்து "வீதி இங்கே கிழக்கே திரும்புகிறது" என்று எழுதுவது சொந்த ஆய்வு என்று ஒரு தரப்புச் சொன்னது. வரைபடமும் வெளியிடப்பட்ட ஆதாரம்தான் என்று மற்றத் தரப்புச் சொன்னது. நீண்ட வாதங்களுக்குப் பிறகு 2023 இல் ஒரு பகுதியினர் தங்கள் கட்டுரைகளின் பிரதிகளை எடுத்துக்கொண்டு வெளியேறி, 'ஏஏறோட்ஸ் விக்கி' என்ற தனிக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள்.

வசதியான நாட்டுக்காரரின் சண்டை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எங்கள் வீதிகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமையாகப் பொருந்தும். வன்னியில் ஓர் உள்ளூர் வீதியைப் பற்றிப் புத்தகமோ ஆய்வோ இருக்கப்போவதில்லை. வரைபடமும் வேண்டாம், நேரில் கண்டதும் வேண்டாம் என்றால் அந்த வீதியைப் பற்றி எழுத ஒன்றுமே மிஞ்சாது.

மூன்று தளங்கள், மூன்று விதிகள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஓப்பின்ஸ்ட்ரீட்மப், பொதுவகம், விக்கிப்பீடியா மூன்றும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. ஆனால் "உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு மூன்றும் வெவ்வேறு பதிலை எதிர்பார்க்கின்றன.

ஓப்பின்ஸ்ட்ரீட்மப் கண்ணால் கண்டதை நம்பும். நிலத்தில் இப்போது என்ன இருக்கிறதோ அதை வரைய வேண்டும். நீங்கள் நடந்த வீதி என்றால் அதுவே ஆதாரம். பொதுவகம் நீங்களே எடுத்த படத்தைக் கேட்கும். முகநூலில் கண்ட படத்தை ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். விக்கிப்பீடியா இதற்கு மாறானது. நீங்கள் அந்த வீதியில் 20 வருடம் நடந்திருந்தாலும் அது போதாது. நம்பத்தகுந்த ஓர் இடத்தில் யாராவது அதைப் பற்றி எழுதி வெளியிட்டிருக்க வேண்டும்.

எங்களைப் போன்ற சமூகத்துக்கு இதன் பொருள் என்ன? இப்போது இருக்கும் வீதியை நாங்கள் வரைபடத்தில் சேர்க்கலாம். ஆனால் ஒரு காலத்தில் இருந்து இப்போது இல்லாமல் போன வீதியைச் சேர்ப்பது கடினம். எங்களுக்கோ, இல்லாமல் போனவைதான் அதிகம்.

ஏ9 என்ற ஒரு கோடு

கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரை சுமார் 320 கிலோமீற்றர் நீளமான ஏ9 வீதியை வரைபடத்தில் பாருங்கள். மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு, சாவகச்சேரி என்று ஒரே கோடு. இன்றைய நிலைமைக்கு அது சரியான படம். ஆனால் இதை வாசிக்கும் பலருடைய வாழ்க்கையில் பல வருடங்கள் அந்தக் கோடு அப்படி இருந்ததில்லை.

1990 களின் தொடக்கத்தில் ஆனையிறவால் மக்கள் போக முடியாதபோது, குடாநாட்டையும் வன்னியையும் இணைத்த பாதை கிளாலிக் கடல்தான். இரவில் வள்ளத்தில் போனார்கள். போனவர்கள் எல்லோரும் கரை சேரவில்லை. அது எந்த வரைபடத்திலும் ஏ9 இன் மாற்றுப் பாதை என்று குறிக்கப்படவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபின் அதே வருடம் ஏ9 திறக்கப்பட்டது. அப்போதும் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, அடையாள அட்டையோடு வரிசையில் நின்றுதான் கடக்க வேண்டியிருந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் வீதி மீண்டும் மூடப்பட்டது. குடாநாடு கப்பலையும் விமானத்தையும் நம்பியிருந்தது. 2009 ஜனவரியில் வீதி முழுவதும் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பொதுமக்களின் போக்குவரத்து அதன் பிறகு படிப்படியாகவே வழமைக்கு வந்தது.

இந்த வரலாற்றை வைக்க இடம் இல்லாமல் இல்லை. ஓப்பின்ஸ்ட்ரீட்மப்பின் சகோதரத் திட்டமாக 'ஓப்பின்ஹிஸ்டோரிக்கல்மப்' என்ற தளம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் கொடுக்கலாம். 1993 இல் ஒரு பிரதேசத்தில் எந்தப் பாதை இருந்தது என்று ஒருவர் பார்க்க முடியும். விக்கிப்பீடியாவில் எழுதுவதானால் வெளியிடப்பட்ட ஆதாரம் வேண்டும். அதற்குப் பழைய பத்திரிகைகள், பிரசுரங்கள், மனித உரிமை அறிக்கைகள் உதவும். 2005 இல் இருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் தளத்தில் அவற்றில் பல கிடைக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, இன்ன பத்திரிகை, இன்ன திகதி என்று காட்டி எழுத ஆள் வேண்டும்.

இன்னொரு உதாரணம் கேரதீவு – சங்குப்பிட்டி. ஒரு காலத்தில் அங்கே பாதைப் படகு ஓடியது. 2011 ஜனவரியில் பாலம் திறக்கப்பட்டது. பழைய வரைபடத்தை வைத்திருப்பவருக்கு அங்கே வீதி கடலில் முடிகிறது. புதிய வரைபடத்தில் ஏ32 தொடர்ச்சியாக மன்னார் வரை போகிறது. இரண்டும் தத்தம் காலத்தில் சரியானவைதான். ஆகவே ஒரு வரைபடத்தின் மேல் அதன் திகதியை எழுதுவது அலங்காரத்துக்காக அல்ல.

திறந்த வீதி, மூடிய வீதி என்பதிலும் இடைநிலைகள் இருக்கின்றன. 30 வருடங்களுக்கு மேலாக மூடியிருந்த வசாவிளான் – பலாலி வீதி 2025 ஏப்ரலில் நிபந்தனைகளோடு திறக்கப்பட்டது. பகல் நேரத்தில் மட்டும் வாகனத்தில் போகலாம், நடந்து போகக் கூடாது, இடையில் நின்று படம் எடுக்கக் கூடாது என்று அறிவிக்கப்பட்டது. ஓப்பின்ஸ்ட்ரீட்மப்பில் இத்தகைய நேரக் கட்டுப்பாட்டையும் நடப்பதற்கான தடையையும் தனித்தனியாகப் பதிய முடியும். "திறந்தாயிற்று" என்று ஒரு சாதாரண வீதியாகக் காட்டினால் அது முழு உண்மை ஆகாது.

பெயர் யாருடையது?

கோட்டைவிடச் சிக்கலானது அதன் மேல் எழுதப்படும் பெயர். மணலாறு, வெலிஓயா. நயினாதீவு, நாகதீப. இவற்றில் எதை எழுதுவது?

ஓப்பின்ஸ்ட்ரீட்மப்பில் ஓர் இடத்துக்குப் பொதுப் பெயர் ஒன்றும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் என ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் பெயரும் கொடுக்கலாம். பழைய பெயருக்கும் தனி இடம் உண்டு. பொதுப் பெயர் எது என்பதில்தான் தகராறு வரும். தமிழ்ப் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருப்பதற்குத் தகராறு காரணமல்ல. யாரும் போய் எழுதவில்லை என்பதே காரணம். வன்னியில் பல குளங்களும் சிற்றூர்களும் ஆங்கில எழுத்தில் மட்டும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இருந்து இயந்திரம் திரும்பத் தமிழாக்கும்போது 'ழ', 'ள', 'ல' எல்லாம் குழம்பி, ஊரவருக்கே அடையாளம் தெரியாத பெயராக வந்து நிற்கிறது. ஊரவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் திருத்தக்கூடிய பிழை இது.

யாராவது வேண்டுமென்றே பெயரை மாற்றினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். இந்தத் தளங்களில் ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றில் பதிவாகும். எந்தக் கணக்கில் இருந்து, எப்போது, எதை மாற்றினார்கள் என்று எவரும் பார்க்கலாம். பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும். கோபத்தில் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தால் இரு தரப்பின் கணக்கும் முடக்கப்படலாம். பெயர்ப்பலகையின் படத்தையும் ஆதாரத்தையும் வைத்து உரையாடுபவரின் திருத்தமே நிலைத்து நிற்கும்.

வரையக் கூடாதவை, வரையும்போது கவனிக்க வேண்டியவை

வன்னியிலும் குடாநாட்டிலும் இந்த வேலையைச் செய்பவர்கள் வேறு இடத்தில் இருப்பவர்களைவிட அதிகம் கவனிக்க வேண்டும்.

முதலாவது கண்ணிவெடி. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல வருடங்கள் தொடர்ந்தது. செய்மதிப் படத்தில் ஒரு மெல்லிய கோடு பாதைபோலத் தெரியும். அது மாட்டுத் தடமாக இருக்கலாம், பழைய காவலரணுக்குப் போன வழியாக இருக்கலாம். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்துகொண்டு அதை ஒற்றையடிப் பாதை என்று வரைந்துவிட்டால், அதை நம்பி ஒருவர் இறங்கக்கூடும். நேரில் தெரிந்த ஒருவர் உறுதிப்படுத்தாமல் இப்படிப்பட்ட பாதைகளை வரையவே கூடாது.

இரண்டாவது உங்கள் பாதுகாப்பு. முகாம், சோதனைச் சாவடி, உயர் பாதுகாப்பு வலயம் ஆகியவற்றுக்குக் கிட்ட நின்று படம் எடுக்காதீர்கள். ஒரு வீதிப் படத்துக்காக விசாரணைக்குப் போக வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. கைத்தொலைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் மறைவாகப் பதிந்திருக்கும். ஏற்ற முன்னர் அதை வைத்திருப்பதா நீக்குவதா என்று முடிவு செய்யுங்கள். சொந்தப் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தனி வீடுகளின் படங்களையும் ஆட்களின் முகங்களையும் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது காணி. இந்த வரைபடங்கள் காணிப் பிணக்கில் சட்டரீதியான சான்று அல்ல. "எங்கள் காணி வரைபடத்தில் இருக்கிறது" என்று காணி உறுதியையும் நில அளவைப் படத்தையும் தேடாமல் இருந்துவிட வேண்டாம். ஆனால் ஓர் ஊர் இருந்தது, அதற்குப் பெயர் இருந்தது, அங்கே போக வழி இருந்தது என்று உலகம் பார்க்கும் இடத்தில் பதிவாக இருப்பதன் பெறுமதி வேறு.

எங்கே தொடங்கலாம்?

கணினி அறிவு அதிகம் தேவையில்லை. ஓப்பின்ஸ்ட்ரீட்மப்பில் ஒரு கணக்கைத் திறந்து, உங்கள் ஊரைப் பெருப்பித்துப் பாருங்கள். முதல் நாளே வீதி வரையத் தேவையில்லை. பெயர் இல்லாத பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் குளத்துக்கும் தமிழ்ப் பெயரைச் சேருங்கள். குளக்கட்டு வாகன வீதியாகக் காட்டப்பட்டிருக்கிறதா, மாரியில் தண்ணீர் மூடும் தாம்போதி சாதாரண வீதியாக இருக்கிறதா என்று பாருங்கள். கிலோமீற்றர் கல்லையும் பெயர்ப்பலகையையும் நீங்களே படம் எடுத்துப் பொதுவகத்தில் ஏற்றலாம். பொதுவகத்தில் ஏற்றும் படத்தை வணிக நோக்கத்துக்கும் பிறர் பயன்படுத்துவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு ஏற்றுங்கள். புலம்பெயர்ந்து இருப்பவர்கள் வரைபடங்களில் உள்ள ஆங்கிலப் பெயர்களைத் தமிழாக்கலாம், பழைய பத்திரிகைகளில் ஆதாரம் தேடலாம். நிலத்தில் இருப்பவருக்குத்தான் நிலம் தெரியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பஸ்ஸில் சந்தித்த அம்மா தன் ஊருக்குப் போகும் சந்தியில் இறங்கிவிட்டார். அவர் சொன்ன வீதியை நான் வரையவில்லை. நான் அதைக் கண்டதில்லை, இப்போதும் இருக்கிறதா என்றும் தெரியாது. ஓப்பின்ஸ்ட்ரீட்மப்பில் ஓர் இடத்தைக் காட்டிக் குறிப்பு எழுதி வைக்கும் வசதி இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர் பார்த்து உறுதிப்படுத்தினால் குறிப்பை மூடிவிடலாம். அன்றிரவு குளக்கட்டுக்குப் பின்னால் ஒரு குறிப்பு இட்டேன்: "இங்கே ஒரு வீதி இருப்பதாக ஊரவர் சொல்கிறார். நேரில் பார்க்க வேண்டும்."

அந்தக் குறிப்பு இன்னும் மூடப்படவில்லை.